போனி

புது வீட்டுக்குக் குடிபோகிற அன்று முதலில் என்ன பாட்டு ஒலிக்க வேண்டும்? சீர்காழி கோவிந்தராஜன் குரலில் ஒரு பிள்ளையார் பாட்டு. தமிழ்நாட்டில் இதற்கு மறுபேச்சே கிடையாது. ஆனால், 1997-ல் பாலவாக்கத்தில் எங்கள் வீட்டு கிரகப்பிரவேசத்தன்று விடிகாலை நாலரை மணிக்கு முதலில் ஒலித்தது, ரஷ்ய ஜார் மன்னரின் அரண்மனைக்குள் புகுந்து மகாராணியையே மயக்கிவிட்டதாகச் சொல்லப்படும் ஒரு சாமியாரைப் பற்றிய பாட்டு!

“என்னடா இது, ஹோமம் பண்ற வீட்ல ஆய் ஊய்னு?” என்று அம்மா பதறிவிட்டாள்.

கொல்லைப்பக்கம் ஓடினேன். தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, ஆம்ப்ளிஃபயர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார் மைக்செட்காரர். வாயில் பீடி.

“என்னங்க... சாமி பாட்டு இல்லையா?”

“கொஞ்சம் பொறு சார். இது போனியம். மொதல்ல இதப் போட்டாத்தான் நமக்கு போனி ஆவும். அடுத்த பாட்டு புள்ளையார்தான்.”

கேசட்டை எடுத்துக் காட்டினார். லேபிளில் பால்பாயின்ட் பேனாவால், கொட்டை எழுத்தில், தமிழில் ‘போனியம்’ என்று எழுதியிருந்தது. பாட்டு, ‘போனி எம்’ குழுவின் ‘ரஸ்புடின்’. அவரும் ஒரு சாமியார்தானே என்று சொல்லி அம்மாவைச் சமாதானப்படுத்தினேன். முழுசாகச் சொல்லவில்லை.

பிறகு பழக்கமானதும் அவரே கதையைச் சொன்னார். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போவதற்கு நாலைந்து வருஷம் முன்னால் நடந்தது. ஒரு மாசமாக ஒரு ஆர்டரும் இல்லாமல், கையிலிருந்த பழைய ரிக்கார்டுகளை விற்றுவிடலாம் என்று அங்கே போயிருக்கிறார். காலை நேரம். பழைய ரிக்கார்டு கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டு, “போனி எம் இருக்கு, வேணுமா?” என்று கேட்டிருக்கிறார். இவர் காதில் விழுந்தது ‘போனி’ மட்டும். காலை வேளையில் ஒரு மனுஷன் போனி பண்ணச் சொல்கிறான், முடியாது என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? விற்கப் போனவர், ஒரு ரிக்கார்டை வாங்கிக்கொண்டு திரும்பினார். அன்று சாயங்காலமே திருவான்மியூரிலிருந்து ஒரு கல்யாண ஆர்டர் வந்துவிட்டது. அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்த விசேஷமானாலும் முதல் பாட்டு போனியம்.

எனக்கும் அந்தக் குழுவோடு ஒரு பழைய கணக்கு இருந்தது. 1980-ல் மயிலாப்பூரில் நாங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தபோது, சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா ஒரு நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன்னும் இரண்டு கேசட்டும் கொண்டுவந்தார். ஒன்று அப்பா. (குழுவின் பெயரைச் சொல்கிறேன், எங்கப்பா இல்லை.) இன்னொன்று போனி எம். தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும், ரீவைண்ட் பண்ணிப் பண்ணிக் கேட்டு, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் மொத்தப் பாட்டையும் தமிழில் எழுதி வைத்திருந்தேன். அர்த்தம் யாருக்கு வேண்டும்? குடித்தனத்துக்குள் ‘இங்கிலீஷ் பாட்டுத் தெரிஞ்ச பையன்’ என்று ஒரு மரியாதை கிடைத்தது. டேப் சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றுகிற வித்தையும் அப்போது படித்ததுதான். உங்களிலும் பலருக்கு விரலில் அந்தப் பழக்கம் இன்னும் இருக்கும்.

பின்னால் காலேஜில் சேர்ந்ததும் மானம் போயிற்று. அங்கே ஈகிள்ஸ், டீப் பர்ப்பிள், லெட் ஜெப்லின் கேட்கிறவர்கள்தான் ஆள். “போனி எம்மா? அது பேண்டே இல்லடா, பேண்டு வாத்தியம்” என்றான் ஒருவன். நானும் சிரித்துவிட்டு, கேசட்டை ஒளித்து வைத்துக்கொண்டேன். அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. நாலு பேர் கூடி, கராஜில் கிடார் அடித்து, பசி கிடந்து உருவான குழு இல்லை அது. ஃப்ராங்க் ஃபரியான் என்ற ஜெர்மன்காரர் ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்து ஒரு பாட்டைப் பதிவு செய்தார். ஆண் குரலும் அவரே, பெண் குரல் மாதிரி கீச்சென்று கேட்பதும் அவரே. டெலிவிஷனில் பார்த்த ஓர் ஆஸ்திரேலியத் துப்பறியும் தொடரின் நாயகன் பெயரை வைத்து, ‘போனி எம்’ என்று வெளியிட்டார். பாட்டு ஓட ஆரம்பித்ததும், ‘எங்கே அந்தக் குழு?’ என்று கேட்டார்கள். அதற்கப்புறம்தான் ஆளே தேடினார்! ஜமைக்காவில் பிறந்த லிஸ் மிட்செல், மார்சியா பாரெட், மான்ட்செராட் தீவின் மேஸி வில்லியம்ஸ், அரூபா தீவிலிருந்து பாபி ஃபாரெல். கரீபியன் கடலிலிருந்து கிளம்பி வந்த நாலு பேர், ஜெர்மனியில் ஒரு முதலாளி.

இதில் பாபி ஃபாரெல்தான் நம்ம ஆள். முழங்கால்வரை கழற்றிவிட்ட மாதிரி கைகால்களை உதறி ஆடுவார். சட்டைக்குப் பட்டனே கிடையாது. ஆனால், ரிக்கார்டில் கேட்கிற அந்தக் கட்டைக் குரல் அவருடையது இல்லை. அது ஃபரியானின் குரல். ஃபாரெல் வாயை அசைத்தார். இது ஊருக்குத் தெரிந்தபோதும் யாரும் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. இதே ஃபரியான் பின்னால் ‘மில்லி வனில்லி’ என்று இரண்டு பேரை நிறுத்தி இதே வேலையைச் செய்தபோதுதான் பெரிய அசிங்கமாகி, 1990-ல் அவர்கள் வாங்கிய கிராமி விருதையே பிடுங்கிக்கொண்டார்கள். போனி எம்-முக்கு மட்டும் ஜனங்கள் மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

1986-ல் குழு கலைந்தது. அப்புறம் நம்மூர்க் கட்சிகள் மாதிரி ஆளுக்கொரு போனி எம் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். பாட்டு மட்டும் பிரியாமல் அப்படியே இருந்தது. நான் யோசித்துப் பார்த்ததில், அந்தப் பாட்டுகள் ஏற்கெனவே ஊர் சுற்றியவை. ‘ரஸ்புடின்’ மெட்டைக் கேட்டால் துருக்கிக்காரர்கள் எங்க நாட்டுப் பாட்டு என்பார்கள். ‘மா பேக்கர்’ பாட்டில் துனிசியாவின் ஒரு நாட்டுப்பாட்டு இருக்கிறது. ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’, பைபிளின் 137-வது சங்கீதம். ஊரைவிட்டுப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள், அந்நிய ஆற்றங்கரையில் உட்கார்ந்து சொந்த ஊரை நினைத்து அழுவது. அதை 1970-ல் ஜமைக்காவின் ‘மெலோடியன்ஸ்’ பாட, 1978-ல் இவர்கள் எடுத்து ஆட்டப் பாட்டாக்கினார்கள். அத்தனை பேர் அழுத பாட்டுக்கு உலகமே கல்யாண வீட்டில் கைதட்டி ஆடியது. பிரிட்டனில் அந்த வருஷம் முதலிடத்துக்குப் போன பாட்டு அது. அதே 1978 கிறிஸ்துமஸுக்கு மறுபடி முதலிடம் பிடித்ததும் இவர்கள்தான், ‘மேரிஸ் பாய் சைல்ட்’ பாட்டால். அதே டிசம்பரில் மாஸ்கோவுக்கே போய்ப் பாடிவிட்டு வந்தார்கள். அங்கே ‘ரஸ்புடின்’ மட்டும் பாட அனுமதி இல்லை!

ஆனால், என்னுடைய இந்த ஆராய்ச்சியெல்லாம் மைக்செட்காரர் சொன்னதற்கு முன்னால் நிற்காது.

“கட்டை அடி நாலும் ஒரே சமமா விழும் சார். கீழ கட்டைக் குரலு, நடுவுல பொம்பளைங்க, மேல சில்லுனு தந்தி வாத்தியம். இந்த ஒரு பாட்டு ஓடுச்சுன்னா எந்த ஸ்பீக்கரு மக்கர் பண்ணுது, எந்த ஒயரு லூசுன்னு சொல்லிருவேன். புள்ளையார் பாட்டுல அது தெரியாது. அது நல்லா பாடுற பாட்டு. ஓட்டை ஸ்பீக்கர்லகூட நல்லாத்தான் கேக்கும்.”

அவரிடம் வேலைக்கு ஒரு பையன் இருந்தான். குப்பத்துப் பையன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டான். மரம் ஏறி ஸ்பீக்கர் கட்டுவது, சீரியல் செட் போடுவது, ராத்திரி செட்டுக்குக் காவல் படுப்பது எல்லாம் அவன்தான். 2003-ல் பர்மா பஜாரில் போனி எம் வி.சி.டி ஒன்று கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது, ஃப்யூஸ் போட வந்த பையன் ஸ்க்ரூ டிரைவரோடு அப்படியே நின்றுவிட்டான்.

“சார்... இதான் நம்ம போனியமா? இவருதான் பாடுறவரா?”

“ஆமா. பேர் பாபி.”

வாயசைக்கிற விஷயத்தைச் சொல்லவில்லை. அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தபோது மனசு வரவில்லை.

அடுத்த வாரம் காதுகுத்து வீட்டில் ‘ரஸ்புடின்’ போட்டபோது மணலில் இறங்கி ஆடினான் பாருங்கள்... அதே உதறல், அதே முழங்கால். ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது, ஆனால் உதடு ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. சட்டைப் பட்டன்களைக் கழற்றிவிட்டிருந்தான். கூட்டம் விசில் அடித்தது. அதற்கப்புறம் அவனை எல்லோரும் ‘பாபி’ என்றுதான் கூப்பிட்டோம். அவன் விரும்பியதும் அதுதான்.

2004 கிறிஸ்துமஸ் சனிக்கிழமை வந்தது. தெருப் பிள்ளைகள் சேர்ந்து கடற்கரை ஓரத்தில், தெரு முடிந்து மணல் ஆரம்பிக்கிற இடத்தில், சின்னதாக ஒரு விழா வைத்தார்கள். மதப் பாகுபாடெல்லாம் இல்லை. கேக் எல்லா வீட்டுக்கும் வந்தது. என் மகள் ஏதோ நாடகத்தில் தேவதையாக வந்து, சிறகு கழன்று, அழுதாள். நான் வீட்டிலிருந்து போனி எம்-மின் கிறிஸ்துமஸ் சி.டி-யைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். 1981-ல் அவர்கள் வெளியிட்ட ஆல்பம். பாபி இரண்டு முறை ஆடினான்.

பதினொரு மணிக்கு மைக்செட்காரர் வண்டியைக் கொண்டுவந்துவிட்டார், செட்டை ஏற்றிவிடலாம் என்று. எனக்கு என்னவோ அன்று கிளம்ப மனசில்லை. மறுநாள் மார்கழிப் பௌர்ணமி, நிலா அப்படி இருந்தது. “இன்னும் ரெண்டு பாட்டு ஓடட்டுமே. காலையில எடுத்துக்கலாம். ஞாயித்துக்கிழமைதானே?” என்றேன். அவர் பாபியைப் பார்த்தார். “நான் படுத்துக்கறேண்ணா” என்றான் அவன்.

மறுநாள் காலை ஒன்பது மணி சுமாருக்குக் கடல் என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மெரினாவில் நடந்ததை உலகம் பார்த்தது. பாலவாக்கம் குப்பத்துக்குள்ளும் அதே தண்ணீர்தான் வந்தது. எங்கள் வீடு கொஞ்சம் மேடு, வாசல்படியோடு நின்றுவிட்டது.

மைக்செட்காரரிடம் வீட்டில் ஒரு பழைய ஆம்ப்ளியும் ஒரே ஒரு குழாயும் மிச்சம் இருந்தன. அதைக் கொண்டுவந்து கோயில் திண்ணையில் வைத்து, பேட்டரியில் ஓட்டினார். காணாமல்போனவர்கள் பெயரை ஒவ்வொருவராக வந்து சொல்ல, இவர் மைக்கில் வாசித்தார். இன்னார் மகன் இன்னார், இந்தக் குரல் கேட்டால் கோயிலாண்ட வரவும். நான் பக்கத்தில் நின்று பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல், தாளில் நான் எழுதாத ஒரு பெயரை அவர் வாசித்தார். இரண்டு முறை வாசித்தார். யார் என்று கேட்க வாயெடுத்தவன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். ஒன்றரை வருஷமாகப் பழகிய அந்தப் பையனின் நிஜப் பெயரை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

மூன்றாம் நாள் தெரிந்தது. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

அதன்பிறகு மைக்செட்காரர் போனியம் போடுவதை நிறுத்திவிட்டார். புது செட் வாங்கினார், ஆர்டர் வந்தது, எங்கள் தெரு விசேஷங்களுக்கும் வந்தார். எடுத்த எடுப்பில் பிள்ளையார் பாட்டுதான். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வழியில் பார்த்தால், “நல்லா இருக்கீங்களா”, “இருக்கேன் சார்”, அதோடு சரி. அந்த இரண்டு பாட்டு எங்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

ஆனால், போனி எம் என்னை விடுகிற மாதிரி இல்லை. டிசம்பர் பிறந்தால் போதும், ஈ.சி.ஆரில் எந்த சூப்பர் மார்க்கெட்டில் நுழைந்தாலும் அதே ஆல்பம். பருப்பு எடுக்கிற இடத்தில் ஒரு பாட்டு, பில் போடுகிற இடத்தில் ஒரு பாட்டு. தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து நின்றிருக்கிறேன். “புளி வாங்கினீங்களா?” என்று வீட்டில் கேட்பாள். அப்புறம் அவளும் டிசம்பரில் என்னைக் கடைக்கு அனுப்புவதை விட்டுவிட்டாள்.

2010 டிசம்பர் 30. பாபி ஃபாரெல் செத்துப்போனார். எங்கே தெரியுமா? ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், நிகழ்ச்சி ஒன்றில் ஆடிவிட்டு வந்து படுத்தவர் ஓட்டல் அறையிலேயே போய்விட்டார். 1916-ல் ரஸ்புடினைக் கொன்றதும் அதே ஊரில்தான், அதே டிசம்பர் 30-ல். கதையில் எழுதினால், ‘ரொம்ப ஓவர்’ என்று எடிட்டர் அடித்துவிடுவார். பேப்பரில் அந்தச் செய்தியைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மைக்செட்காரர் வீட்டு முனைவரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறம் 2021-ல் யாரோ ஒரு பிரிட்டிஷ் டி.ஜே. ‘ரஸ்புடி’னை ரீமிக்ஸ் பண்ண, உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் செல்போன் முன்னால் நின்று அதற்கு ஆட ஆரம்பித்தார்கள். என் மகள் அமெரிக்காவிலிருந்து அனுப்பினாள், ‘அப்பா, உன் பாட்டு’ என்று. அவர்கள் பிறப்பதற்கு இருபது, முப்பது வருஷம் முன்னால் வந்த பாட்டு. யார் பாடியது என்றும் தெரியாது, ரஸ்புடின் யார் என்றும் தெரியாது. 1980-ல் எனக்கு மட்டும் என்ன தெரிந்தது?

அடுத்த வருஷம் மைக்செட்காரர் வீட்டுக் கல்யாணம், நீலாங்கரையில் ஒரு மண்டபத்தில். கூப்பிட வந்தவர் பத்திரிகையை என் கையில் கொடுத்துவிட்டு, “வந்துருங்க சார்” என்றார். போனேன். பேரன்தான் இப்போது தொழிலைப் பார்க்கிறான். மீன்பாடி வண்டி இல்லை, குட்டி யானை. லேப்டாப், கன்ஸோல், புகை விடுகிற மிஷின். சாப்பாடு முடிந்து பிள்ளைகள் ஆட ஆரம்பித்தார்கள். மூன்றாவது பாட்டோ, நாலாவதோ... அந்த மத்தளம் கேட்டது.

எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் பிளாஸ்டிக் சேரில் வெள்ளை வேட்டியோடு அவர் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

“போனியம்” என்றார் அவரே.

“ஆமா.”

“அந்த ஆட்டக்காரன் இருக்கானா சார்?”

“இல்லீங்க. பத்து, பன்னெண்டு வருஷம் ஆச்சு.” ஊரையும் தேதியையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அப்புறம், இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னேன். “அது அவர் குரல் இல்லீங்க. முதலாளி பாடினது. அவர் சும்மா வாயசைச்சார்.”

ஆடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே, “அப்ப நம்ம பையன மாரியேதான்” என்றார்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது. “அன்னிக்கு நான்தாங்க... இன்னும் ரெண்டு பாட்டுன்னு...”

அவர் சட்டென்று திரும்பவில்லை. துண்டை எடுத்து மடித்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

“நீங்க சொல்லலைன்னாலும் நான் ஏத்தியிருக்க மாட்டேன் சார். ஆள் இல்ல அன்னிக்கு, வண்டிக்காரன் வேற குடிச்சிருந்தான். அவன் அங்கதான் படுத்திருப்பான்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா நீங்க சொன்னீங்க. அது எனக்கு ஞாபகம் இருக்கு.”

“எனக்கும்” என்றேன்.

தலையை ஆட்டினார். மேடைக்குக் கீழே ஒரு பையன் சட்டைப் பட்டனை அவிழ்த்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தான். யாருக்குச் சொந்தமோ, செல்போனில் பார்த்துப் படித்த ஆட்டம். உதடு எங்கேயோ போனது, கால் எங்கேயோ போனது. இவர் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக் காதைக் கொடுத்தார். நெற்றி சுருங்கியது. கைத்தடியை ஊன்றி எழுந்து, புகைக்கு நடுவில் நடந்து, பேரன் பக்கத்தில் போய் நின்றார்.

“டேய், எடதுபக்கம் கீழ கட்டை வரவே இல்ல. ஒயரப் பாரு.”